திருகோணமலையை வைத்து உரசிப் பார்த்த இணையத்தளங்கள்

நல்ல இணையத்தளம் எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, உங்கள் ஊரைப் பற்றி அந்தத் தளத்திடம் கேட்டுப் பாருங்கள் என்பதுதான். பிரேசிலைப் பற்றி ஒரு தளம் சொல்வது சரியா பிழையா என்று நமக்குத் தெரியாது. ஆனால் கன்னியாவில் எத்தனை கிணறு, கொட்டியாரக் குடாவில் கடல் எப்போது குழம்பும், சீனன்குடாவுக்கு என்ன கப்பல் வரும் என்பதெல்லாம் திருமலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்த விடயத்தில் தடுமாறும் தளத்தை, தெரியாத விடயத்தில் எப்படி நம்புவது?

இப்படி உரசிப் பார்த்ததில் தேறியவற்றை, ஒரே வேலைக்குப் போட்டியிடுபவையாகச் சேர்த்து வைத்துச் சொல்கிறேன். எல்லாமே காசு கட்டாமல் பார்க்கக்கூடியவை. சிலவற்றில் கூடுதல் வசதிக்குக் கட்டணம் உண்டு, அது இல்லாமலே நம் தேவை முடிந்துவிடும்.

நூலகமா, மதுரைத் திட்டமா?

தமிழில் பழைய எழுத்தைத் தேடுபவர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இரண்டில்தான். இரண்டையும் ஒன்றென நினைத்துக்கொண்டு போய், தேடியது கிடைக்கவில்லை என்று திரும்புபவர்கள் பலர். இவை செய்யும் வேலையே வேறு.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிற்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றுகிறார்கள். அங்கே நீங்கள் காண்பது பக்கத்தின் படம் அல்ல, எழுத்து. எனவே தேடலாம், வெட்டி எடுக்கலாம், பழைய போனிலும் நொடியில் திறக்கும்.

நூலகம் தளம் 2005 இல் தொடங்கியது. ஈழத்து அச்சு எழுத்தைக் காப்பதே அதன் வேலை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரேயொரு பிரதி ஒரேயொரு கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த சமூகம் கட்டிய தளம் அது. நூல்கள் மட்டுமல்ல, பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், இறந்தவருக்கு வெளியிடும் நினைவு மலர், நின்றுபோன சிற்றிதழ், பழைய பத்திரிகை எல்லாம் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. பெரிய நூலகங்கள் இவற்றை அரிதாகத்தான் சேர்த்து வைக்கின்றன. ஒரு கிராமத்தின் வரலாறு பல நேரங்களில் அந்தக் கிராமத்துக் கோயில் மலரில் மட்டும்தான் இருக்கும்.

இப்போது ஊர்ச் சோதனை. திருஞானசம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. மதுரைத் திட்டத்தில் அந்தக் கோப்பைத் திறந்து ‘கோணமாமலை’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாமல் போகலாம். காரணம், செய்யுள் சீர் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும்: ‘கோணமா’ ஓரிடம், ‘மலையமர்ந்’ இன்னோரிடம், ‘தாரே’ மற்றோரிடம். வெறும் ‘கோணமா’ என்று மட்டும் கொடுங்கள், பாட்டுக்குப் பாட்டு வந்து விழும். எந்தப் பழந்தமிழ் நூலில் தேடினாலும் முழுச் சொல்லைக் கொடுக்காமல் முதல் துண்டைக் கொடுப்பதே வழி.

அதே கோணேசரை நூலகத்தில் தேடினால் வேறொரு உலகம் திறக்கிறது. கோணேசர் கல்வெட்டு, தட்சிண கைலாச புராணம் போன்ற நம் கோயில் நூல்களின் அச்சுப் பதிப்புகள், அவற்றைப் பற்றிய கட்டுரைகள், மாநாட்டு மலர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, பலவற்றுக்கு உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சாக இருக்கும். அந்த உள்ளடக்கப் பட்டியலைத்தான் நான் இந்தத் தளத்தின் உயிர் என்பேன். பல நூல்கள் படமாகவே இருப்பதால் உள்ளே தேட முடியாவிட்டாலும், மலர் ஒன்றின் நடுவில் ஒளிந்திருக்கும் நாலு பக்கக் கட்டுரையைத் தலைப்பை வைத்துப் பிடித்துவிடலாம். தேடும்போது திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை மூன்றையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் பட்டியலிலும் இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நூலகத்தின் பிடிஎஃப் கோப்புகள் கனமானவை, தடித்த நூல் ஒன்று டேட்டாவை நன்றாகத் தின்றுவிடும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டத்தில் எழுத்துப்பிழை அங்கங்கே உண்டு, அச்சுப் பக்கம் கண்முன் இல்லாததால் சரிபார்க்க வழியில்லை. மேற்கோள் காட்டப் போகிறவர் இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஈழத்து விடயம் என்றால் எனக்கு எப்போதும் நூலகம்தான் முதலில். தமிழ்நாட்டுப் பழைய இதழ், நாட்டுடைமை நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, கிடங்கு பெரிது, வகைப்பாடு ஒழுங்கு.

ஆங்கிலேயர் காலத்து எழுத்து வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996 இல் தொடங்கிய தளம். எமர்சன் டெனன்ட் 1859 இல் இலங்கையைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளும் அங்கே முழுமையாக உள்ளன, ஆங்கில எழுத்தாக உள்ளேயே தேடலாம். ஒரு சிறு குறிப்பு: நம் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலின் முடிவில் இப்போது இரட்டை ஈ வருகிறது. பழைய நூல்களில் அந்த இடத்தில் ஐ, ஈ என்று இருக்கும். அப்படியும் கொடுத்துத் தேடினால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெளியே வரும். மூடப்பட்டுவிட்ட தமிழ்த் தளங்களின் பழைய பக்கங்களைக்கூட இதே ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ பகுதியில் முகவரியை இட்டுப் பார்க்கலாம்.

இத்தனை அலைச்சல் எதற்கு, சாட்ஜிபிடியிடம் கேட்டால் போதாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே தேடலாம் என்று கேட்க அது நல்லது. என்ன நடந்தது என்று கேட்டால், பக்க எண்ணோடு கையில் தரும் தளத்துக்குப் போய்ச் சரிபார்க்கும்வரை அதை முடிவாக எடுக்காதீர்கள். சின்ன ஊர்களின் வரலாற்றில் அது சரளமாகப் பிழைவிடுகிறது.

விக்கிப்பீடியா: தமிழா, ஆங்கிலமா?

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த ஆண்டை 1622 என்று எழுதுவோரும் உண்டு, 1624 என்று எழுதுவோரும் உண்டு. இரண்டிலும் இடித்தவர் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா. எந்தக் கலைக்களஞ்சியத்தையும் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆண்டைச் சொல்கிறதா என்று பார்க்காதீர்கள். அந்த ஆண்டின் பக்கத்தில் சிறு எண் ஒன்று இருக்கிறதா, அதைத் தட்டினால் எந்த நூலின் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று பாருங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் பலம் அந்தச் சிறு எண்கள்தான். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது, அதை வளர்த்தெடுத்ததில் ஈழத்தவரான மயூரநாதனின் பங்கு முதன்மையானது. ஈழத்து எழுத்தாளர், பாடசாலை, குளம், சிற்றூர் என்று வரும்போது ஆங்கிலத்தில் இல்லாத கட்டுரைகள் தமிழில் இருக்கின்றன. சான்று காட்டுவதில் பல கட்டுரைகள் மெலிந்தவை. ஆகவே சர்ச்சைக்குரிய வரலாற்றுக்கு ஆங்கிலம், ஊர் விவரத்துக்குத் தமிழ். இரண்டிலும் கட்டுரைக்கு மேலே உள்ள ‘உரையாடல்’, ‘வரலாறு’ பகுதிகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார், யார் மறுத்தார் என்பது அங்கேதான் தெரியும்.

காற்றும் கடலும்

நம் கரைக்கு மிகவும் உதவுவது இந்தப் பகுதிதான். மூன்று தளங்கள் போட்டியில்: விண்டி, நல்ஸ்கூலின் ‘எர்த்’, ஸூம் எர்த்.

எர்த் அழகானது. காற்று உலக உருண்டைமேல் இழையிழையாக ஓடுவதைக் காட்டும், கடல் நீரோட்டத்தையும் அப்படியே காட்டும். வாடை தொடங்கும் நாட்களில் வங்காள விரிகுடாவில் காற்று திசை மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. விண்டி 2014 இல் செக் நாட்டில் தொடங்கியது. கடலில் ஓர் இடத்தைத் தொட்டால் அந்த இடத்துக்குச் சில மணிநேர இடைவெளியில் காற்று, திடீர் வீச்சு, மழை என்று அட்டவணை வரும், அலைக்கும் தனிப் பகுதி உண்டு.

நிலாவெளியில் போட் வைத்திருக்கும் ஓர் அண்ணாவுக்கு இரண்டையும் காட்டினேன். எர்த்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் கிடக்கு தம்பி. நாளைக்கு விடியப் போகலாமோ எண்டு கேட்டா உது என்ன சொல்லும்?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் விண்டியிடம்தான் இருக்கிறது.

அதன் உண்மையான பெறுமதி இன்னோரிடத்தில். ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பு, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜேர்மனியின் ஐகான் ஆகியவற்றை ஒரே இடத்துக்கு ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக் காட்டும். கணிப்புகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தே கணக்கிடும். ஐரோப்பியக் கணிப்பின் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீற்றர், விண்டியில் வரும் ஜிஎஃப்எஸ் கட்டம் சுமார் 22 கிலோமீற்றர். அதாவது கொட்டியாரக் குடாவின் பெரும்பகுதி ஜிஎஃப்எஸ்ஸின் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். குடாவுக்குள் ஒரு காற்று, வெளிக்கடலில் ஒரு காற்று என்பது அதற்குத் தெரியாது. நம் கரைக்கு ஐரோப்பியக் கணிப்பையே முதலில் பாருங்கள். மூன்றையும் விளங்கப்படுத்தியதும் அந்த அண்ணா சொன்னார்: “மூண்டும் ஒண்டைச் சொன்னாப் போகலாம். வேற வேற சொன்னாக் கரையில நிப்பம்.” கணிப்புகளை வாசிக்க இதைவிடத் தெளிவான முறையை நான் எங்கும் படித்ததில்லை.

ஸூம் எர்த்தை இவற்றோடு போட்டிக்கு விடுவதே ஒருவகையில் பொருந்தாது. மற்ற இரண்டும் கணக்குப் போட்டுச் சொல்பவை. இது முக்கியமாக, செய்மதி சற்றுமுன் கண்ட முகிலைக் காட்டுவது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் திடீரென எழும் இடிமுகில் எந்த இடத்தில் வெடிக்கும் என்று கணிப்புகள் அடிக்கடி தவறவிடும். ஸூம் எர்த்தில் அந்த முகில் மேற்கே திரளும்போதே தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதுபோல ஒன்று வரும்போது, பாதையை விண்டியிலும் புயலின் உடலை ஸூம் எர்த்திலும் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. விண்டி என்ற பெயரில் இரண்டு செயலிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. நான் சொல்வது விண்டி டொட் கொம். அடுத்தது, வளிமண்டலவியல் திணைக்களம் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று கடற்பரப்பைச் சொல்லி எச்சரிக்கை விட்டால், எந்தத் தளம் என்ன நிறம் காட்டினாலும் கடலுக்குப் போகக்கூடாது.

கப்பல், மீன், பாடம்

உள்துறைமுகப் பக்கம் நின்று தூரத்தில் தெரியும் கப்பல் எது என்று கேட்பவருக்கு மரைன்டிராபிக், வெசல்ஃபைண்டர் இரண்டும் ஒன்றுதான். முதலாவது 2007 இல் கிரேக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்தது. சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமையோடு வந்த கப்பலின் பெயர், கொடி, நீளம் எல்லாம் இரண்டிலும் கிடைக்கும். என் போனில் வெசல்ஃபைண்டர் இலகுவாகத் திறக்கிறது, அதையே பாவிக்கிறேன். கப்பலின் இருப்பிடமும் வேகமும் கப்பலில் பூட்டியிருக்கும் கருவி தானாக அனுப்புபவை, நம்பலாம். சேருமிடம் மாலுமி கையால் அடிப்பது, பழையதாகவே கிடக்கும். முக்கியமாகச் சர்வதேசப் பயணம் போகும் 300 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும்தான் இந்தக் கருவி கட்டாயம். நம் மீன்பிடி வள்ளங்கள் தெரியாததற்கும் அதுவே காரணம்.

புறாத்தீவில் முகமூடி போட்டு நீந்தியவர், கண்டது என்ன மீன் என்று அறிய ஐநேச்சுரலிஸ்ட்டுக்குப் போகலாம். படத்தை ஏற்றினால் உலகெங்கும் உள்ள ஆட்கள் பெயர் சொல்வார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் ஈபேர்ட் பறவைக்கு மட்டும். எந்த மாதம் எந்தப் பறவை என்ற கணக்கில் அதை வெல்ல ஆளில்லை. படம் பிடிப்பவருக்கு முதலாவது, பட்டியல் எழுதும் பொறுமை உள்ளவருக்கு இரண்டாவது.

பிள்ளைகளுக்குப் பாடநூல் பிடிஎஃப் வேண்டுமானால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம் இருக்கிறது, தமிழ்மொழிப் பாடநூல்கள் அங்கே இலவசம். ஆனால் விஞ்ஞானத்தை விளங்கிக்கொள்ள, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் ஃபெட் தளத்தைத்தான் சொல்வேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்றில் பற்றரியையும் மின்குமிழையும் விரலால் இழுத்துப் பொருத்தலாம், வயரைக் கழற்றினால் குமிழ் அணையும். இப்படியான பல பரிசோதனைகள் தமிழிலும் உள்ளன. மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்து, வேண்டியதை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே ஓடும். டேட்டா முடிந்த வீட்டிலும் வேலை செய்யும் என்பதால், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் இன்றைக்கே இறக்கி வையுங்கள்.