காம்பாக்ட் செயின்செட்: அந்த 16 பல் இடைவெளி

"53/39-ஐக் கழற்றிவிட்டு 50/34 போடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சு ரோடு சைக்கிளின் செயின்செட்டைப் பற்றி, அதாவது மிதியோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கர ஜோடி. எண்கள் பெரிய ரிங், சின்ன ரிங்கின் பற்கள்: 53/39 என்றால் ஸ்டாண்டர்ட், 50/34 என்றால் காம்பாக்ட். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. ஒரே ஃபிரேமில் முதலில் ஸ்டாண்டர்டும், பிறகு மூன்று ஆண்டு காம்பாக்டும் ஓடிவிட்டன. ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு கியர், 11-32 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து; மிகச் சிறியதில் 11 பல், மிகப் பெரியதில் 32), 700×25 டயர். பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை, அவ்வப்போது ஏற்காடு, கோத்தகிரி. மலையில் காம்பாக்ட் செய்த உபகாரம் பெரிது. சமவெளியில் அது கிளப்பிய எரிச்சலும் சின்னதல்ல.

முதலில் ஒரு வீண் பயத்தைப் போக்கிவிடலாம். "50 போட்டால் வேகம் போய்விடும்" என்பது எல்லாரும் சொல்வது. 50×11-இன் (முன்னால் 50 பல், பின்னால் 11) விகிதம் 4.55. 53×12-இன் விகிதம் 4.42. அதாவது காம்பாக்டின் கடைசி கியர், ஸ்டாண்டர்டின் கடைசிக்கு முந்தைய கியரை விடக் கனமானது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50×11-இல் மணிக்கு 51.7 கிலோமீட்டர் வரும். 110 சுற்றில் 63. மலையிறக்கத்தில் அதற்கு மேல் போகும்போது மிதிப்பதை விட்டுக் குனிந்து உட்கார்வதுதான் நல்லது. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். 53×11 இல்லையே என்று ஏங்க நியாயமானவர்கள் ரேஸில் கடைசி 200 மீட்டர் ஸ்பிரிண்ட் அடிப்பவர்கள் மட்டும்தான்.

இனி மலைக்கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. 33 கிலோமீட்டரில் அந்த உயரம் ஏறுகிறோம். சராசரி நாலரை சதவீதம்தான் என்றாலும் 7, 8 சதவீதத் துண்டுகள் நடுவில் வந்துகொண்டே இருக்கும். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 170 வாட் வேண்டும். அந்த வேகத்தில் கால் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 39×25-இல் 46 சுற்று, 39×28-இல் 51, 34×28-இல் 59, 34×32-இல் 67. வாட் மாறுவதில்லை, மூச்சும் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்கும் விசைதான் மாறுகிறது. 46 சுற்றில் இரண்டு மணி நேரம் அரைத்து ஏறியவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது அது தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே 34 பல் சின்ன ரிங்கை மனமாரப் பாராட்டலாம். உட்கார்ந்தபடியே, இடுப்பை ஆட்டாமல், ஒரே தாளத்தில் ஏற முடிகிறது.

இங்கே ஸ்டாண்டர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 34×28 விகிதம் 1.214, 39×32 விகிதம் 1.219. இரண்டும் ஒன்றேதான். செயின்செட்டைத் தொடாமல் 11-32 கேசட்டும், 32 பல்லை ஏற்கும் நீளக்கூண்டு பின் டெரெய்லரும் (செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்த்தும் பொறி) போட்டாலே, 11-28 கேசட் போட்ட காம்பாக்ட் தருவது கிடைத்துவிடும். அதுவும் போதவில்லை என்றால்தான் செயின்செட்டில் கைவைக்க வேண்டும். மிதியைத் தாங்கும் கிராங்கில்தான் ரிங்குகளைப் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். பழைய ஐந்து கை ஸ்டாண்டர்ட் கிராங்கில் அந்தப் போல்ட் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ.; அதில் 38-க்குக் கீழே ரிங் உட்காராது. 34 வேண்டுமென்றால் 110 மி.மீ. கிராங்கே வாங்க வேண்டும். ஷிமானோவில் 2012-இல் வந்த உயர்ரகத் தொகுதியான டூரா-ஏஸ் 9000-இலிருந்து நான்கு கை கிராங்க். 53/39, 52/36, 50/34 எல்லாமே அதே 110-இல் பொருந்தும். 2021-இல் வந்த 12 ஸ்பீடு டூரா-ஏஸில் 53/39-ஐயே நிறுத்திவிட்டார்கள்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். மூன்று ஆண்டிலும் ஒரு நாள்கூட அது குறையவில்லை.

50-க்கும் 34-க்கும் நடுவே 16 பல். பெரிய ரிங்கிலிருந்து சின்னதற்கு இறக்கினால் கியர் 32 சதவீதம் விழுகிறது. 53/39-இல் இது 26 சதவீதம். எண்ணில் சிறியதாகத் தெரியும், காலில் அப்படி இல்லை. 90 சுற்றில் மிதித்துக்கொண்டிருக்கும்போது 50-இலிருந்து 34-க்கு இறக்கினால், அதே வேகத்தைத் தக்கவைக்கக் கால் 132 சுற்று சுற்ற வேண்டும். யாராலும் முடியாது, கால் காற்றில் துழாவுகிறது, வேகம் விழுகிறது. அதை ஈடுகட்டப் பின்னால் மூன்று, நான்கு பல்சக்கரம் சிறிய பக்கம் தள்ள வேண்டும். கியர் மாற்றும் ஷிமானோ மெக்கானிக்கல் லீவரில் பெரிய சக்கரத்துக்கு ஒரே வீச்சில் இரண்டு மூன்று ஏற்றலாம். சிறியதற்கு ஒரு அழுத்தலுக்கு ஒன்றுதான். ஆக இடது கையில் ஒரு கிளிக், வலது கையில் மூன்று தனித்தனி கிளிக். இன்னொரு நிறுவனமான காம்பக்னோலோவின் உயர்ரக லீவர்களில் கட்டைவிரலால் ஒரே தள்ளில் பல சக்கரம் இறக்கலாம். காம்பாக்ட் ஓட்டுபவருக்கு அது பெரிய வரம்.

எப்போதோ ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது ஓயாத வேலை. கடற்காற்று ஏறிய பிறகு மாமல்லபுரம் பக்கம் போகிறவரின் வேகம் 24-லிருந்து 29-க்குள் ஊசலாடும். காம்பாக்டின் ஓட்டை சரியாக அங்கேதான் இருக்கிறது. 90 சுற்றில் 50×20 தருவது 28.4 கிலோமீட்டர், 50×22 தருவது 25.8, 50×25 தருவது 22.7. காற்று கொஞ்சம் கூடினாலும் பெரிய ரிங்கில் செயின் உட்பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது. சரி, சின்ன ரிங்குக்கு இறக்கலாம் என்றால் 34×14-இல் 27.6 வருகிறது, காற்று விட்டதும் 13, 12 என்று வெளிக்கோடிக்கு ஓட வேண்டும். எந்த ரிங்கிலும் நிம்மதியாக நடுவில் உட்கார முடிவதில்லை. இதோடு போலீஸ் தடுப்புகள், ஊர்களுக்குள் வேகத்தடைகள், முட்டுக்காடு பாலத்து ஏற்றம். ஒவ்வொன்றுக்கும் 15-க்கு இறங்கி மறுபடி 30-க்கு ஏறும்போது அந்த ஓட்டையை இரண்டு முறை தாண்ட வேண்டும்.

அதே சாலையில் 39 பல் சின்ன ரிங்கின் சுகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 39×16-இல் 27.7, 39×14-இல் 31.7. காற்றுள்ள நாளில் முன் லீவரைத் தொடாமலே, செயின் ஏறக்குறைய நேராக ஓடும்படி, ஒரே ரிங்கில் போய் வந்துவிடலாம். மலைக்கு மோசமான 39, எதிர்காற்றுக்கு அருமையான ரிங்.

செயின் கழன்று உள்ளே விழுவதும் இந்த இடைவெளியின் பிள்ளைதான். ரோடு வண்டிக்கான ஷிமானோ முன் டெரெய்லர்களின் தாங்குதிறன் 16 பல். அதாவது 50/34 அதன் எல்லையிலேயே ஓடுகிறது. தப்புக்கு இடம் கிடையாது. இரண்டு ரிங்குக்கும் ஆரத்தில் 32 மி.மீ. வித்தியாசம். அவ்வளவு தூரம் செயின் கீழே விழும்போது பக்கவாட்டு வேகமும் சேர்ந்தால், 34-ஐத் தாண்டி ஃபிரேமில் போய் விழுந்து பெயின்ட்டைச் சுரண்டும், கார்பன் ஃபிரேம் என்றால் வடுவே வைத்துவிடும். தீர்வு பொறுமையான அட்ஜஸ்ட்மென்ட். செயினைத் தள்ளும் முன் டெரெய்லர் கூண்டின் வெளித்தகட்டுக்கும் பெரிய ரிங்கின் பல் நுனிக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி. செயினைச் சின்ன ரிங்கிலும் பின்னால் மிகப் பெரிய சக்கரத்திலும் வைத்து, கூண்டின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ.க்கு மேல் இல்லாதபடி, உள்பக்க எல்லையை வைக்கும் எல் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். 53-இலிருந்து 50-க்கு மாறியவர்கள் டெரெய்லரைச் சுமார் 6 மி.மீ. கீழே இறக்காமல் விட்டுவிடுகிறார்கள். கடையிலும் பலமுறை இதை மறந்துவிடுகிறார்கள். பெரிய ரிங்குக்கு ஏறத் தயங்குகிறது, உள்ளே விழுகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். ஃபிரேமில் செயின் கேட்சர் (செயின் உள்ளே விழாமல் தடுக்கும் சிறு துண்டு) பொருத்த வசதி இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

34-இல் வைத்துக்கொண்டு 11, 12 பல் சக்கரங்களுக்குப் போனால் செயின் பெரிய ரிங்கின் உள்முகத்தில் உரசும். செயின்ஸ்டே (பின்சக்கரம் வரை போகும் கீழ்க்குழாய்) குட்டையான ஃபிரேம்களிலும், பின் ஹப் 142 மி.மீ. ஆன டிஸ்க் வண்டிகளிலும் இது இன்னும் மோசம். அந்த இரண்டு கியரையும் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 22 கியர் என்று விற்கிறார்கள், கையில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரே விசையில் மிதித்தால் 34-இல் செயின் இழுவிசை 39-ஐ விட 15 சதவீதம் அதிகம். பின்னால் சிறிய சக்கரங்களும் கூடுதலாக உழைக்கின்றன. கடலோரத்தில் ஓட்டுபவருக்கு உப்பும் மணலும் இதைவிடப் பெரிய எதிரி.

இதற்கெல்லாம் பிறகு 34-ஐ மெச்சி எழுதிய அதே கை, அந்த 34-ஐத்தான் கழற்றியது. வெளியே 50 அப்படியே இருக்க, உள்ளே 36. கடையில் ஜோடியாகக் காட்ட மாட்டார்கள். 52/36-க்கான உள் ரிங்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இடைவெளி 14 பல், அதாவது 53/39-இல் இருந்த அதே 14. 90 சுற்றில் 36×16 தருவது 25.6 கிலோமீட்டர், 36×14 தருவது 29.2. எதிர்காற்றின் அந்த வேக வட்டம் முழுவதும் சின்ன ரிங்கிலேயே அடங்கிவிடுகிறது. மலையில் இழப்பு எவ்வளவு? மேலே சொன்ன 8 சதவீத ஏற்றத்தில் 34×32-க்கு 67 சுற்று என்றால் 36×32-க்கு 63. நான்கே சுற்று. ஷிமானோவில் செயினை மேலே தூக்கிவிடும் ஏற்றப் பற்கள் இரண்டு ரிங்கிலும் ஜோடிக்கு ஜோடி பொருத்தி வெட்டப்பட்டவை என்பதால், பெரிய ரிங்குக்கு ஏறும்போது ஒரு நொடித் தயக்கம் இருக்கும். அதைத் தவிர குறை ஒன்றும் தென்படவில்லை.

வேலை அரைமணி நேரம். இடது கிராங்கின் இரண்டு போல்ட்டையும் 5 மி.மீ. அலன் கீயால் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள பூட்டுத் தகட்டை நிமிர்த்தினால் கிராங்க் கையோடு வந்துவிடும். வலது பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். நான்கு கை கிராங்கில் ரிங் போல்ட்களுக்கு டி30 டார்க்ஸ். புது ரிங்கின் உள்முகத்தில் உள்ள குறி கிராங்கின் கையோடு நேராக வர வேண்டும். ஏனோதானோ என்று மாட்டினால் ஏற்றப் பற்கள் இடம் மாறி, கியர் ஏறாமல் முரண்டு பிடிக்கும். போல்ட் மரையில் மெல்லிய கிரீஸ் தடவவும். உப்புக்காற்றில் அலுமினியமும் எஃகும் ஒட்டிக்கொள்ளும்; மிதிக்கும்போது வரும் 'டிக் டிக்' சத்தம் பாதி நேரம் இந்த வறண்ட போல்ட்களிலிருந்துதான். 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இடது கிராங்குக்கும் அதே அளவுதான். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்கு 0.7 முதல் 1.5 போதும், கைவிரல் இறுக்கம் என்றே சொல்லலாம். பெரிய ரிங் மாறாததால் முன் டெரெய்லரின் உயரத்தையும் செயின் நீளத்தையும் தொட வேண்டாம். வாங்குவதற்கு முன் ஒன்று: விலை குறைந்த சில செயின்செட்களில் ரிங்குகளை ரிவெட் அடித்தே அனுப்புகிறார்கள். போல்ட் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆக நண்பருக்கான பதில் 50/36. அதில் ஒரு திருத்தம் உண்டு. உடல் எடை 85 கிலோவுக்கு மேல் என்றாலோ, பைகளைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர் என்றாலோ 34-ஐ விடாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளோ, கல்லட்டியின் 36 வளைவுகளோ திட்டத்தில் இருந்தாலும் அப்படியே. 12 சதவீதத்தில் 7 கிலோமீட்டர் வேகத்துக்கு 34×32-இல் 52 சுற்றுதான் வருகிறது, 36×32-இல் 49. 50-க்குக் கீழே போனபின் ஒவ்வொரு சுற்றும் முட்டிக்குக் கணக்கு. கழற்றிய 34 இங்கே மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, அதற்குரிய போல்ட்களோடு டப்பாவில் இருக்கிறது. கொல்லிமலைக்குப் போகும் வாரம் அது மறுபடி வண்டியில் ஏறும்.