தனியாளாக கிளைடரைப் பூட்டிக் கழற்றிய மூன்று ஆண்டுகள்

இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட என் ரிமோட் கிளைடருக்கு இப்போது மூன்று வயது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, செங்கல்பட்டுக்கு அப்பால் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலத்தில் பறக்கவிடுகிறேன். அந்த இடம் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம். 400 அடிக்கு மேல் ஏற்றுவதில்லை. இறக்கை ஒரு மீட்டர் நீளமுள்ள இரு பாதிகளாகப் பிரியாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே எனக்கு வாய்த்திருக்காது.

பூட்டுவதில் பெரிய சிரமமில்லை. கோரைப்பாயை விரித்து, மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து, இரு பாதிகளையும் தாங்கும் கார்பன் குழாயைச் செருகி, இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோ என்ற சிறு கருவிகளின் வயர்களை இணைத்து, நைலான் ஸ்க்ரூக்களை முடுக்கினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முதல் பாதியைச் செருகியதும் உடற்பகுதி அந்தப் பக்கம் சாயும். அந்த இறக்கையின் அடியில் தண்ணீர் பாட்டிலை அண்டக் கொடுத்துச் சமாளிக்கிறேன். ரிமோட்டின் குச்சியை வலப்புறம் தள்ளினால் வல ஏலரான், அதாவது வல இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு, மேலே எழுகிறதா என்று பார்ப்பதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

கழற்றுவதுதான் சோதனை. காலை முழுவதும், சூடான காற்று மேலெழுவதைக் காட்டும்படி பருந்துகள் வட்டமிடும் இடத்தைத் தேடிப் பறக்கவிட்டு, கை ஓய்ந்து, பிற்பகலில் கடற்காற்று வலுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அந்த வேலை வரும். பேட்டரியை முதலில் பிரித்து, ரிமோட்டைக் கடைசியில் அணைக்க வேண்டும். வரிசை மாறினால் கிளைடரை உயரே ஏற்றும் மோட்டார் தானாகச் சுழலும் அபாயம் உண்டு. வயரைப் பிரிக்க மறந்து இறக்கையை இழுத்து, ஒரு முறை சர்வோ வயரைப் பிய்த்தெடுத்திருக்கிறேன். வியர்வையும் புழுதியும் படிந்த குழாய் சில நாள் அசையவே அசையாது. அப்போது உடற்பகுதியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, இறக்கையை நுனியில் பிடிக்காமல் வேர்ப்பகுதியில் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தே உருவ வேண்டும். முந்தைய இரவில் குழாயைத் துடைத்து மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் இந்தப் பாடு பாதியாகக் குறைகிறது. கழன்ற பாதியை உடனே உறையில் போடாவிட்டால் காற்று அதை முறம்போலத் தூக்கிவிடும்.

இணைப்பு இடைவெளியில் ஒட்டும் செலோ டேப் சென்னை வெயிலில் இளகிப் பசையை விட்டுச்செல்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிறது. ஸ்க்ரூக்களின் புரி இரண்டாம் ஆண்டிலேயே தேய்ந்தது எனக்குக் குறைதான். மண்ணில் விழுந்த ஒன்றைத் தேடி இரண்டு ரயில்களை விட்ட பிறகு, நான்கு ஸ்க்ரூக்களைக் கூடுதலாக ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன்.