திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீணைப் பட்டறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்கு அருகே ஓர் அம்மையார் நடத்தும் இசைக்கருவிக் கடையில் என் தாயாரின் பழைய தஞ்சாவூர் வீணையைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். தந்தையின் பட்டறையில் சுருதி சேர்க்கக் கற்று, அவருக்குப் பின் கடனையும் கடையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர், இன்று இரண்டு பெண்களுக்கு அத்தொழிலைப் பழக்குகிறார். கோடை வெப்பத்தில் மெழுகு இளகி நிலைபெயர்ந்திருந்த, தந்திக்கு அடியிலுள்ள உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் பெயர்த்தெடுத்து, மெழுகும் கரியும் கலந்து புதிதாகப் பரப்பி, ஒவ்வொரு மெட்டையும் அழுத்தும்போதே தந்தியை மீட்டி, காதால் மட்டுமே ஸ்வரஸ்தானம் பார்த்து மேளம் கட்டிய, அதாவது மெட்டுகளை உரிய இடத்தில் பதித்த, பொறுமையை அருகிலிருந்து கண்டேன். காந்தாரத்தில் மட்டும் மெட்டை மூன்று முறை நகர்த்தினார். சொன்ன நாளுக்கு ஒரு வாரம் தாமதமானது, முன்பே தெரிவித்திருக்கலாம். கூலியைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார், அதற்குமேல் கேட்கவில்லை. மந்தரத் தந்தியின் கார்வை, தாயார் வாசித்த நாளில் கேட்டதுபோலவே நீண்டு ஒலிக்கிறது.