80 குவார்ட் கிராஃபிஷ் பானை: அடுப்பை அணைத்த பிறகுதான் இதன் அருமை தெரியும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் குளிர் குறையத் தொடங்கியதும் ஹார்டுவேர் கடை வாசல்களில் அலுமினியப் பானைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். கிராஃபிஷ் சீசன் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் வாங்கியது 80 குவார்ட் பானை, அதாவது நம் கணக்கில் சுமார் 76 லிட்டர். உள்ளே இறங்கும் துளைக்கூடை, மூடி, புரொபேன் பர்னர் எல்லாம் சேர்ந்த செட். இரண்டு சீசன் நன்றாக உழைத்துவிட்டது. பத்துப் பேருக்கு மேல் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிற பழக்கம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கிராஃபிஷைப் பார்க்காதவர்களுக்காக: சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கியது போல இருக்கும். பக்கத்து மாநிலமான லூயிசியானாவில் நெல் விளைகிற வயல்களிலேயே தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். 2023 வறட்சியில் வயலும் குளமும் காய்ந்துபோய், அடுத்த ஆண்டு சீசன் தொடக்கத்தில் விலை எகிறியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். வலைச்சாக்கில் உயிரோடு விற்பார்கள், ஒரு சாக்கு 30 முதல் 35 பவுண்டு. ஆளுக்கு 3 பவுண்டு என்பது இந்த ஊர்க் கணக்கு. ஓடும் தலையும் போனால் சதை கொஞ்சம்தானே. குழந்தைகளும், இரண்டு கடித்துவிட்டுத் தயிர்சாதம் தேடுகிறவர்களும் கலந்த நம் கூட்டத்துக்கு ஒரு சாக்கு பதினைந்து பேர் வரை வரும்.

ஒரு சாக்கை ஒரே தடவையில் வேகவைக்க 80 குவார்ட் சரியான அளவு. பாதிப் பானைக்குத் தண்ணீர், அதற்கு மேல் சாக்கு முழுவதும், அப்புறம் உருளைக்கிழங்கு, சோளம், பூண்டு, எலுமிச்சை. இதைவிடச் சின்னதாக வாங்கினால் பொங்கி வழிந்து அடுப்பு அணையும். தண்ணீரும் கிராஃபிஷும் சேர்த்து 50 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் பர்னரின் கால்களை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். என் செட்டில் கால்கள் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கின்றன, ஆடவே ஆடாது. காற்றுத் தடுப்பு வளையமும் உண்டு. அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தளதளவென்று கொதித்துவிடுகிறது. திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். மழை வந்தாலும் காரேஜுக்குள் கொண்டுபோகவே கூடாது, அடுப்பிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

மசாலாவுக்கு நான் சாட்டரைன்ஸ்தான் வாங்குவேன். நியூ ஆர்லியன்ஸில் 1889-ல் தொடங்கிய பெயர். பையைப் பிரித்தால் கடுகு, கொத்தமல்லி விதை, மிளகாய், பிரிஞ்சி இலை, சதகுப்பை விதை என்று பாதி நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதுதான். கொதிக்கிற தண்ணீரில் போடும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். அந்த ஆவி நெஞ்சில் இறங்கினால் இருமல் லேசில் நிற்காது.

இந்தச் சமையலில் தீக்கு வேலை கொஞ்சம்தான். உருளையும் வெங்காயமும் பூண்டும் சாசேஜும் முதலில் வேகும். அப்புறம் நன்றாக அலசி, செத்ததைப் பொறுக்கி எறிந்த கிராஃபிஷைக் கூடையோடு இறக்க வேண்டும். மறுபடி கொதி வந்த பிறகு மூன்று நிமிடம், அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு, உறைந்த சோளக்கதிர்களை அள்ளிப் போடுவோம். சூடு சட்டென்று குறையும், சதை மேற்கொண்டு வேகாமல் நிற்கும். அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்தவை சாறு ஏற ஏற மெல்ல அடிக்குப் போகும். பத்தாவது நிமிடம் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தால் வெறும் இனிப்புச் சதை. இருபதில் பூண்டும் எலுமிச்சையும் தெரியும். இருபத்தைந்தில் உதடு எரியும். எங்கள் வீட்டில் அதுதான் பதம்.

இந்த ஊறல்தான் சுவையையே தீர்மானிக்கிறது. அதனால் பானை வாங்கும்போது கடைக்காரர் சொல்கிற பர்னர் வேகத்தைவிடக் கூடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் செட்டின் கூடை அருமை. அடியிலும் பக்கவாட்டிலும் நெருக்கமான துளைகள், பானையின் அடியைத் தொடாமல் நிற்கிறது, கைப்பிடி கனமான கம்பி. பாதி ஊறலில் கூடையைக் கொஞ்சம் தூக்கி இறக்கினால் நடுவில் இருப்பதற்கும் காரம் சமமாகப் போய்ச் சேரும். முழுதாகத் தூக்க இரண்டு பேர் வேண்டும், கைப்பிடிக்குள் ஒரு தடிக்கம்பு விட்டுத் தூக்குங்கள்.

கூட்டம் பதினைந்தைத் தாண்டினால் இரண்டு ஈடாகப் போடுவேன். முதல் ஈட்டை ஐஸ் போடாத காலி ஐஸ்பெட்டியில் கொட்டி மூடினால் சூடு நன்றாகவே நிற்கும். அதே தண்ணீரில் இரண்டாவது ஈடு போடும்போது மசாலாவைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாறு ஏற்கெனவே ஏறிப்போயிருக்கும். அந்த இரண்டாம் ஈட்டுக்கென்றே காத்திருக்கிற ஆட்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. மேஜையில் செய்தித்தாள் விரித்து ஆவி பறக்கக் கொட்டியதும், புதிதாக வந்த ஒரு தம்பி, "அக்கா, தலையையும் உறிஞ்சணுமா?" என்று தயங்கிக் கேட்டான். "அதுலதான்டா சாறு முழுக்க இருக்கு" என்றேன். அப்புறம் அவன் தட்டுப் பக்கம் தலைகள்தான் குவிந்தன.

இனி குறைகள். பானைக்கு அடியில் குழாய் இல்லை. விருந்து முடிந்து எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில் அத்தனை தண்ணீரையும் வாளி வாளியாக மொண்டு ஊற்ற வேண்டும். புல்லில் ஊற்றினால் உப்பும் சூடும் புல்லைக் கருக்கிவிடும். இன்னும் கொஞ்சம் பணம் போட்டாலும் குழாய் வைத்த பானையே மேல். கேஸ் குழாய் குட்டை, சிலிண்டரை அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்கச் சொல்கிற நீளம். நான் நீளமானதாக மாற்றிவிட்டேன். மூடியின் கைப்பிடித் திருகு அடிக்கடி தளர்கிறது. அலுமினியம் என்பதால் மீந்த சாறை இரவு முழுக்க விடக்கூடாது. எலுமிச்சையும் உப்பும் சேர்ந்து உள்பக்கம் குழி குழியாக அரித்துவிடும். அன்றைக்கே கழுவித் துடைத்துவிட வேண்டும். எவர்சில்வரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலையும் எடையும் கூட.

கிராஃபிஷ் கிடைக்காத கோடை மாதங்களில் இதே பானையில் மெக்சிகோ வளைகுடா இறால் போடுகிறேன். இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், நீண்ட ஊறல் கூடாது, ரப்பராகிவிடும். காரத்தைத் தண்ணீரிலேயே கூட்டிவிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வருவதாக இருந்தால் தனியாக ஒரு சின்னப் பானை எடுத்து, அதே மசாலாவில் உருளை, சோளம், காளான், முழுப்பூண்டு மட்டும் வேகவையுங்கள். கரண்டியையும் தனியாக வையுங்கள். எங்கள் வீட்டில் முதலில் காலியாவது பெரும்பாலும் அந்தப் பானைதான்.