காரணியா, ரூமுஸா: இருபடிச் சமன்பாட்டுக்கு எது கைகொடுக்கும்?

மலேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 4-க்கு வந்ததும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பிள்ளைகளுக்குப் பல வழிகள் கிடைக்கின்றன. சாதாரணக் கணிதத்தில் காரணிப்படுத்தலும் வரைபடமும்; கூடுதல் கணிதத்தில் வர்க்கப் பூர்த்தியும் (ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்குவது) ரூமுஸும் (சூத்திரம்). சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷனில் எதை ஆழமாக ஊன்றுவது என்று கேட்டால், என் தேர்வு ரூமுஸ்தான்.

காரணி அழகானது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஒரு கீரைப் பாத்தி. நீளம் அகலத்தைவிட 7 அடி கூடுதல், பரப்பு 60 சதுர அடி. அகலம் ப என்றால் ப² + 7ப − 60 = 0. பெருக்கினால் −60, கூட்டினால் 7 வரும் எண்கள் 12, −5. ஆக (ப + 12)(ப − 5) = 0; அகலம் 5 அடி. இரண்டே வரி. ஆனால் பரப்பை 61 ஆக்கிப் பாருங்கள்: எவ்வளவு தேடினாலும் முழு எண் ஜோடி அகப்படாது. இல்லாததைத் தேடித்தான் பரீட்சையில் பத்து நிமிடம் போகிறது. வாய்ப்பாடு சரளமாக வரும் பிள்ளைக்குக் காரணியே வேகமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

வரைபடத்தில் தசமம் துல்லியமாகக் கிடைக்காது. வர்க்கப் பூர்த்தி வளைவின் மிகத் தாழ்ந்த அல்லது மிக உயர்ந்த புள்ளியைக் கேட்கும்போது கைகொடுக்கும். வேர் (ப-வின் மதிப்பு) காண மட்டும் என்றால் பின்னங்கள் படுத்தும். அதற்குப் பழைய இந்தியக் கணிதர் ஸ்ரீதரரின் வழி உண்டு: சமன்பாட்டை முதல் எண்ணின் 4 மடங்கால் பெருக்குவது. 2ப² − 7ப − 3 = 0 என்பதை 8-ஆல் பெருக்கி இருபுறமும் 49 சேர்த்தால் (4ப − 7)² = 73. பின்னமே வராது. ரூமுஸ் பிறப்பதும் இங்கேதான்.

ரூமுஸில் அதிகம் சறுக்கும் இடம் குறி. இதே சமன்பாட்டில் முதல் எண் 2, நடு எண் −7, கடைசி எண் −3. முதலில் தன்மைகாட்டியை, அதாவது நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து 4 × முதல் எண் × கடைசி எண்ணைக் கழித்து வருவதை, தனி வரியில் எழுத வேண்டும்: (−7)² − 4(2)(−3) = 49 + 24 = 73. முழு வர்க்கம் வந்தால் காரணிக்குத் திரும்பலாம்; பாத்திக் கணக்கில் அது 289, அதாவது 17². 73 முழு வர்க்கமில்லை, எனவே ரூமுஸ்படி நடு எண்ணின் குறியை மாற்றி, √73-ஐக் கூட்டியும் கழித்தும், முதல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் ப = (7 ± √73) ÷ 4; விடை 3.886, −0.386. மேலே உள்ள முழுவதையும் 4 வகுக்க வேண்டும், √73-ஐ மட்டுமல்ல.

கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −7² தட்டினால் −49 வரும்; வர்க்கமூலத்தில் பிழைச் செய்தி நிற்கும். அதுவாவது பரவாயில்லை, தவறு தெரிந்துவிடும். ஆபத்து கடைசி எண்ணின் கழித்தலை மறப்பதில்தான்: 49 − 24 = 25, வர்க்கமூலம் 5, விடை 3, 0.5. இவ்வளவு சுத்தமாக வந்தால் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது.

வேர்களின் கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்த்தாலும் பிடிபடாது. அது நடு எண்ணின் குறியை மாற்றி முதல் எண்ணால் வகுத்தது, 7 ÷ 2 = 3.5 இருக்க வேண்டும். சரியான ஜோடியும் 3.5, தவறான ஜோடியும் 3.5. பெருக்குத்தொகைதான் காட்டிக்கொடுக்கும்: கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்து −3 ÷ 2 = −1.5 வர வேண்டிய இடத்தில் 3 × 0.5 = 1.5 நிற்கும். விடைக்குக் கீழே இந்தப் பெருக்கலை எழுத அரை நிமிடம் கூட ஆகாது.