எம்பி3 பிளேயர்: சும்மா கிடக்கும் வசதிகளும் சும்மா இருக்கவிடாத வசதிகளும்

ஒரு பிளேயரை ஓராண்டுக்கு மேல் தினமும் பயன்படுத்தினால், பெட்டியில் அச்சிட்டிருந்த வசதிப் பட்டியலை வேறு விதமாகப் படிக்கத் தோன்றும். எத்தனை வசதி இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு வசதியை நாம் தொடாத நாளிலும் அது நம்மிடமிருந்து ஏதாவது பிடுங்குகிறதா என்பதுதான் விஷயம். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரை அணைத்து வைத்தால் அது இல்லாத மாதிரிதான். ஆண்ட்ராய்டும் வைஃபையும் உள்ள பிளேயர் அப்படி அல்ல. சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போதும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். முழுதாக அணைத்து வைத்தால், ஒரு பாட்டு கேட்க அது பூட் ஆகும்வரை கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தொடாத வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் நல்ல உதாரணம். 2008 டிசம்பர் 31 அன்று அந்த மாடல் பிளேயர்கள் எல்லாம் ஒரே நாளில் உறைந்து நின்றன. உள்ளே இருந்த கடிகார நிரல் லீப் ஆண்டின் 366-ஆவது நாளைக் கையாளத் தெரியாமல் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. பேட்டரி முழுதும் தீரவிட்டு, மறுநாள் கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டியபின் சார்ஜ் போடுவதுதான் மருந்து. அன்று பாட்டு கேட்க நினைத்த எவருக்கும் தேதி தேவைப்பட்டிருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் வெட்டி எறிவதும் சரியில்லை. 2005-இல் வந்த ஐபாட் ஷஃபிலுக்குத் திரை கிடையாது, ஆனால் பொத்தான்கள் இருந்தன, பார்க்காமலே இயக்கலாம். 2009 மாடலில் பொத்தான்களையும் எடுத்து ஹெட்ஃபோன் ஒயருக்கு மாற்றினார்கள். ஒரு அழுத்து நிறுத்த, இரண்டு அழுத்து அடுத்த பாட்டுக்கு, மூன்று முந்தைய பாட்டுக்கு. ரிமோட் இல்லாத சாதா ஹெட்ஃபோனை மாட்டினால் வால்யூம்கூட மாற்ற முடியாது. 2010-இலேயே பொத்தான்கள் திரும்பி வந்துவிட்டன. அதிகம் கை படும் இடத்தில் கத்தி வைத்தால் இதுதான் நடக்கும். தொடுதிரை பிளேயர் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: வால்யூம், பிளே, அடுத்த பாட்டு ஆகிய மூன்றுக்கும் விரல் தடவி உணரக்கூடிய பொத்தான் பக்கவாட்டில் இருக்கிறதா, திரை பூட்டியிருக்கும்போதும் அது வேலை செய்கிறதா?

மெமரி கார்டு ஸ்லாட்தான் அதிகம் விரும்பப்படுவது, அதிகம் தொல்லை தருவதும் அதுதான். கார்டைச் செருகியதும் பிளேயர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, அதில் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் எழுதியிருக்கும் டேக்கைப் படித்துப் பட்டியல் தயாரிக்கும். சின்னப் பிளேயரின் பிராசஸருக்கு ஆயிரக்கணக்கான கோப்புகள் பெரிய சுமை. முதல் வேலையாக, தானாக ஸ்கேன் செய்வதை அணைத்து, புதுப்பாட்டு ஏற்றும்போது மட்டும் கையால் ஓட்டுங்கள். ஆல்பம் படம் 500 × 500 பிக்சலுக்குள், சாதாரண பேஸ்லைன் ஜேபெக்காக இருக்கட்டும். புரோக்ரசிவ் ஜேபெக்கைப் பல பிளேயர்கள் காட்டவே காட்டாது. டேக்குகளை ஐடி3 என்ற டேக் வடிவின் 2.3 பதிப்பில் சேமியுங்கள், பிளேயருக்குள் இருக்கும் பழைய மென்பொருள்களுக்கு (ஃபர்ம்வேர்) 2.4 அவ்வளவாக ஒத்துவருவதில்லை. தமிழில் டேக் எழுதுபவர்கள் முதலில் ஒரே ஒரு ஆல்பத்தை ஏற்றிப் பாருங்கள். எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாத பிளேயரில் 'கை' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கேன் பாதியில் நின்றுவிட்டால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பழுதான ஒரு கோப்புதான் காரணம். பாதி ஃபோல்டர்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு ஸ்கேன் ஓட்டுங்கள். ஓடினால் சிக்கல் எடுத்த பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் சீக்கிரமே ஆள் அகப்படும். மேக்கிலிருந்து நகலெடுத்த கார்டில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைவுக் கோப்புகள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓடாத இரட்டை ஒன்று பட்டியலில் தெரிந்தால் இவைதான், அழித்துவிடலாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு வடிவில் வரும். பழைய பிளேயர் அதைக் கண்டுகொள்ளாவிட்டால் தனி மென்பொருளால் ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் படித்துவிடும்.

இத்தனையும் வேண்டாமென்றால் ஃபோல்டர் முறைதான் சுகம். அதிலும் ஒரு முள் உண்டு. சில பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல், கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில் பாடும். 01, 02 என்று பெயரிட்டும் ஏழாவது பாட்டு முதலில் வந்தால், கார்டில் எழுதப்பட்ட அந்த வரிசையை (ஃபேட் வரிசை) பெயர்ப்படி சீராக்கும் சிறு மென்பொருளை ஒருமுறை கார்டில் ஓட்டுங்கள்.

பேசாமல் வேலை செய்யும் இரண்டு வசதிகளுக்காகத் தாராளமாகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஒன்று இடைவெளியில்லா ஒலிப்பு. எம்பி3 ஒரு துண்டுக்கு 1152 சாம்பிள், அதாவது சிடி தரத்தில் சுமார் 26 மில்லிவினாடி என்ற கணக்கில் பதிவாவதால் பாட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் என்கோடர் அந்த மௌனத்தின் அளவைக் கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கிறது. அதைப் படித்து வெட்டத் தெரிந்த பிளேயரில் கச்சேரிப் பதிவு இடையில் அறுபடாது. இன்னொன்று, பாட்டுக்குப் பாட்டு மாறும் சத்த அளவைச் சமப்படுத்தும் ரீபிளேகெயின். அது டேக்கில் ஒரு எண்ணாக மட்டும் இருக்கும், கோப்பில் உள்ள ஒலியைத் தொடாது. கலந்து கேட்கும்போது டிராக் முறை, ஆல்பமாகக் கேட்கும்போது ஆல்பம் முறை. ஈக்குவலைசரில் ஏதாவது ஒரு பட்டையை 6 டெசிபெல் ஏற்றினால், மொத்த ஒலி அளவை மாற்றும் பிரீஆம்பை 6 டெசிபெல் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி கிழியும்.

ப்ளூடூத் இருக்கட்டும், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை வாங்குமுன் சோதிக்காமல் விடாதீர்கள். ஒரு மணி நேரக் கோப்பை நடுவில் நிறுத்தி, வேறொரு பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டு, திரும்பி வாருங்கள். பல பிளேயர்கள் கடைசியாக ஓடிய கோப்பை மட்டுமே நினைவில் வைத்திருக்கும், ஒலிநூல் முதலிலிருந்து தொடங்கிவிடும். அப்படிப்பட்ட பிளேயர்தான் கையில் இருக்கிறதென்றால், மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டும் மென்பொருளால் கோப்பைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி எண்ணிட்டு ஏற்றுங்கள்.