வேலை அருமை, ஆனால் எல்லாருக்கும் இல்லை: ஒரு கல்யாண ஃபோட்டோ ஸ்டுடியோ

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்டுடியோவின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடை விளக்கு கண்ணைக் கூசும்போதுகூட முகம் வெளுத்துப்போகாமல் எடுக்கிறார்கள், ஆல்பத்தில் தேவையில்லாத ஜிகினா வேலை கிடையாது, ஃபோனில் பேசுகிறவர்களும் அவ்வளவு பொறுமை. அதைப் பார்த்துத்தான் என் தங்கை கல்யாணத்துக்கு இவர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று முன்பணம் கட்டினோம். தேதி உறுதி, ரசீதும் வந்துவிட்டது.

அப்புறம் ஆல்பம் அட்டையில் போட மணமக்கள் பெயர் கேட்டார்கள். அனுப்பினேன். இரண்டும் வேறு வேறு மதத்துப் பெயர்கள். அன்று சாயங்காலமே உரிமையாளர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார், மதம் விட்டு மதம் நடக்கிற கல்யாணத்தை நாங்க எடுக்கிறதில்லை, எங்க நம்பிக்கைக்கு ஒத்துவராது" என்றார். குரல் உயரவில்லை, பணமும் முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

என் கடை, என் இஷ்டம் என்பவர்கள் உண்டு. ஃபோட்டோ ஒரு கலை, மனசுக்கு ஒப்பாததை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு, அது லேசாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் பேக்கரி 2014-இல் இதேபோலப் பணம் வாங்கிய பிறகுதான் ஒரு கேக் ஆர்டரைத் திருப்பியது, ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை எழுதமாட்டோம் என்று. 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பேக்கரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, ஏனென்றால் அந்த வாசகத்தை யார் வந்து கேட்டிருந்தாலும் எழுதியிருக்கமாட்டார்கள், அவர்கள் மறுத்தது வாசகத்தை, வந்த ஆளை இல்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் நாங்கள் என்ன வாசகம் கேட்டோம்? அட்டையில் இரண்டு பெயர், அவ்வளவுதான். அதே கேமரா, அதே ஆல்பம், மணமக்கள் மட்டும் வேறு ஆட்கள் என்றால் சந்தோஷமாக வந்து எடுத்திருப்பார்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் எலேன் ஃபோட்டோகிராஃபி என்ற ஸ்டுடியோ 2006-இல் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழத் தொடங்கும் விழாவை எடுக்க மறுத்தது. பொதுமக்களுக்கென்று கடை திறந்தவர்கள் அப்படி மறுக்க முடியாது என்று 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு இணையதளம் செய்யமாட்டேன் என்ற ஒரு வடிவமைப்பாளருக்குச் சாதகமாக 6-3 என்று தீர்ப்பளித்ததும் உண்மைதான், ஆனால் அதுகூட அவர் உருவாக்கும் பக்கத்தில் வெளிப்படும் கருத்தைப் பற்றியதே தவிர, ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்தலாம் என்றதில்லை.

உரிமையாளருக்கு ஒன்று: உங்கள் பக்கத்தில் 'எல்லாருடைய விசேஷங்களுக்கும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று அதன்படி நடந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு உங்கள் கொள்கையை அங்கேயே எழுதுங்கள், பெயர் கொடுத்த பிறகு ஒரு பெண் இதைக் கேட்கவேண்டாம்.

வேலைக்கு ஐந்து நட்சத்திரம் தரலாம், நான் தருவது ஒன்று. புக் செய்கிறவர்கள் பணம் கட்டும் முன்பே பெயர்களைச் சொல்லிவிடுங்கள்.